பந்தல்காரன் தங்கச்சி

அத்தியாயம் 9

உரும்பிராயில் கஜானியின் வீட்டு வளவுக்குள் மூன்று கிழமையாக ஒரு புது வழக்கம் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் சுபாஸ்கரன் தங்கையிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் தன் மனைவி தர்சினியிடம் சொல்வான். தங்கை பக்கத்திலேயே நின்றாலும் அப்படித்தான்.

"உவளின்ரை ஸ்கூட்டியைத் தள்ளி விடச் சொல்லு. பட்டா லொறி வெளியிலை போகவேணும்."

தர்சினி வாயைத் திறக்கும் முன்பே கஜானி ஸ்கூட்டியைத் தள்ளி விட்டிருப்பாள். கேட்டதைத் தான் கேட்கவில்லை என்று நடிக்கும் பொறுமை அவளுக்கு இல்லை.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். சுபாஸ்கரன் பந்தல்காரன். அவனுடைய தகரமும் கதிரையும் போகாத கல்யாண வீடோ செத்த வீடோ வலிகாமத்தில் இல்லை. கஜானிக்கு 'ஆரபி' வளாகத்தில் வேலை. பலாலி வீதியோரம் வாழைத்தோட்டமாகக் கிடந்த காணியில் கொழும்புக் கொம்பனி ஒன்று கட்டியெழுப்பிய இடம் அது. கீழே குளிரூட்டிய இரண்டு மண்டபங்கள், மேலே பிள்ளைகள் விளையாடும் தளம், பின்னால் பெரிய புல்வெளி. அங்கே விழா விற்பனைப் பிரிவில் அவள்தான் முதல் ஆள். கல்யாணம், பிறந்தநாள், பழைய மாணவர் ஒன்றுகூடல், வங்கிக்காரரின் ஆண்டிறுதிக் கொண்டாட்டம் என்று யார் எதற்காக வந்தாலும், கஜானியோடு ஒரு சுற்று நடந்தால் நாள் குறிக்காமல் திரும்பியவர்கள் குறைவு.

போன மாதம் அண்ணனின் பழைய வாடிக்கைக்காரர் இரண்டு பேர் தாங்களாகவே ஆரபிக்கு வந்து நாள் குறித்தார்கள். அவர்களைக் கஜானி அழைக்கவில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் இல்லை. அன்றோடு அண்ணனின் பேச்சு நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை காலை சுபாஸ்கரன் இணுவிலில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் பந்தல் போடப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். பட்டாவில் இரும்புக் கால்களை அடுக்கிக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் கஜானி போய் நின்றாள். வேலைக்குப் போகும் கருநீலச் சீலை, கழுத்தில் அலுவலக அட்டை.

"அண்ணை, இண்டைக்குக் குருநகர் சந்தியோகு ஐயா எங்கடை மண்டபம் பாக்க வாறார். சின்ன மகளின்ரை கலியாணத்துக்கு. வேறை ஆக்கள் சொல்லி நீங்கள் அறியக்கூடாது. அதுதான் நானே சொல்லுறன்."

கயிறு அவன் கையிலிருந்து நழுவியது.

"சந்தியோகுவோ?" என்று அவளையே பார்த்துக் கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் விரதம் நினைவுக்கு வந்தது போலும். குசினி வாசலில் நின்ற மனைவியின் பக்கம் திரும்பினான். "அந்த மனிசன்ரை வீட்டிலை மாதா பெருநாள் எண்டாலும் நான். தாய் செத்ததுக்கும் நான். உவளுக்கு யாழ்ப்பாணத்திலை வேறை ஆளே கிடைக்கேல்லையாமோ எண்டு கேள்!"

"நான் கூப்பிடேல்லை," என்றாள் கஜானி. "கலியாணப் பொம்பிளைதான் போன் எடுத்துக் கேட்டவ. வாறன் எண்டு சொல்லுற ஆளை வராதேங்கோ எண்டு சொல்லுறதுக்கோ எனக்குச் சம்பளம் தருகினம்?"

"அப்ப விக்கத்தான் போறாள்?"

"ஓம் அண்ணை. விக்கத்தான் போறன்."

அவன் பட்டாவில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான். வண்டி படலையைத் தாண்டிச் செம்மண் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"நீர் சொல்லாமல் விட்டிருக்கலாம் மச்சாள்," என்றாள் தர்சினி, கையிலிருந்த அகப்பையை மறந்து.

"சொல்லாமல் வித்தால் அது களவு மச்சாள். சொல்லிப்போட்டு வித்தால் தொழில்."

சொல்லும்போது இருந்த துணிவு ஸ்கூட்டியில் ஏறிய பிறகும் குறையவில்லை. படலையடியில் மட்டும் ஒருமுறை நிறுத்தி, பட்டா போன பக்கம் பார்த்தாள்.

*

ஆரபியின் மேலாளர் கோபிசங்கர் கெட்ட மனிதர் அல்ல. கொழும்பு ஹோட்டல்களில் நீண்ட காலம் வேலை செய்தவர். எதிராளியின் பலவீனம் தெரிந்தால் அதைப் பயன்படுத்தாமல் விடுவது அவருக்குச் சோம்பேறித்தனமாகத் தோன்றும்.

"கஜானி, குருநகர் ஆக்கள் வர முந்தி இதைப் பாருங்கோ." தன் கைபேசியை நீட்டினார். யாரோ எடுத்த ஒரு சிறு காணொளி. இருட்டு, மழை, சனங்களின் கூச்சல். ஒரு பந்தல் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. "சந்தியோகுவின்ரை மூத்த மகளின்ரை கலியாணம். ரெண்டு வருசத்துக்கு முந்தி. இந்த முறையும் அதே மழைக்காலம்தான், நத்தார்ப் பெருநாளுக்கு அடுத்த கிழமை. இதை ஒருக்காக் காட்டினால் காணும். வேறை கதையே தேவையில்லை."

"அந்தப் பந்தல் என்ரை அண்ணன்ரை சேர்."

"தெரியும். அதாலைதான் உங்களிட்டைச் சொல்லுறன். நீங்கள் சொன்னால் நம்புவினம்."

பந்தல் சரிந்தது அவளுக்கும் தெரியும். அந்தக் கிழமை முழுவதும் அண்ணன் உள்ளங்கைகளில் துணி சுற்றிக்கொண்டு திரிந்ததும், கேட்டதற்குத் தகரம் வெட்டியது என்று சொன்னதும் தெரியும். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

கைபேசியை அவர் மேசையிலேயே வைத்தாள்.

"சேர், நான் மண்டபத்தை விக்கிறன். அதிலை சொல்லுறதுக்கு எவ்வளவோ நல்ல விசயம் இருக்கு. உது தேவைப்படாது."

"தவறிப்போனால்?"

"தவறினால் வந்து சொல்லுறன். தவறாது."

*

சந்தியோகு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டில் வந்திறங்கினார். கடற்காற்றில் காய்ந்த முகம், அகன்ற தோள், சொந்தமாக மூன்று படகு வைத்திருப்பவரின் நிதானம். கூட வந்த சின்ன மகள் பிரியந்தினி தாதியாக வேலை செய்பவள். வரும்போதே கண்கள் மண்டபத்தின் கண்ணாடிக் கதவில்தான் இருந்தன.

விற்பனை என்றால் ஓயாமல் வாயடிப்பது என்று நினைப்பவர்கள் அதிகம். கஜானி அப்படிச் செய்வதில்லை. யாரையும் அவள் நேராக மண்டபத்துக்குள் கூட்டிப் போவதும் இல்லை. முதலில் வாகனம் நிற்கும் இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பாள். பதிலில் பாதி வியாபாரம் தெரிந்துவிடும்.

"ஐயா, உங்கடை வீட்டிலை நடக்க ஏலாத ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

சந்தியோகு எதிர்பார்த்தது வேறு கேள்வி. கொஞ்சம் யோசித்தார். "என்ரை மனிசி. முழங்கால் வருத்தம். படி ஏறமாட்டா. அதாலைதான் இண்டைக்கும் வரேல்லை."

"அப்ப அம்மா வாற வழியாலை நாங்களும் போவம்."

படியில்லாத பக்க வாசலால், சரிவாகப் போட்ட பாதையில் அவர்களைக் கூட்டிப்போனாள். உள்ளே விளக்கு எதுவும் எரியவில்லை. குளிர் மட்டும் முகத்தில் வந்து மோதியது. மூவரும் நடுவுக்கு வந்ததும் கஜானி கையை உயர்த்தினாள். மேலே நின்ற விளக்குக்காரன் மெல்ல மெல்ல ஒளியை ஏற்றினான். முதலில் மேடை, பிறகு மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரை, கடைசியில் கூரை முழுவதும்.

பிரியந்தினி வாயில் கையை வைத்தாள்.

"இந்த இடத்திலை நீங்களும் மாப்பிள்ளையும் நிப்பீங்கள். கோயில்லை கலியாணப் பூசை முடிஞ்சு நீங்கள் வெளிக்கிடுறதையும் இந்தத் திரையிலை போடலாம். வெளிநாட்டிலை நிக்கிற சொந்தக்காரர் வரேலாமல் போனால் அவையும் இதிலை நிண்டு வாழ்த்தலாம்."

"அப்பா, பாருங்கோவன்!"

சந்தியோகு பார்த்தார். கதிரை ஒன்றை இழுத்து, அதன் பாரத்தைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு பிள்ளை. பொய் சொல்லக்கூடாது. ஆனா எங்கடை ஆக்கள் மணி பாத்துச் சாப்பிட மாட்டினம். கடலுக்குப் போனவன் கரைக்கு வந்தாப் பிறகுதான் கலியாணத்துக்கு வருவான். வாறவனுக்கு நண்டும் கணவாயும் எங்கடை பொம்பிளையள் சமைச்சதாயிருக்கவேணும். அது இஞ்சை நடக்குமோ?"

"நடக்காது ஐயா," என்றாள் கஜானி உடனே. "வெளிச்சாப்பாடு உள்ளுக்கை விடமாட்டினம். ராத்திரி பதினொரு மணிக்குப் பூட்டவும் வேணும். விடலாம் எண்டு இண்டைக்குச் சொல்லிப்போட்டு அண்டைக்கு வாசலிலை வைச்சு உங்களோடை சண்டை பிடிக்க என்னாலை ஏலாது."

பிரியந்தினிக்கு முகம் வாடியது. "அப்பா, பெரியக்காவின்ரை கலியாணத்திலை என்ன நடந்தது எண்டு மறந்திட்டீங்களோ? மழை, சேறு, பந்தல் வேறை சரிஞ்சு... அக்கா இண்டைக்கும் அந்த வீடியோவைப் பாக்கிறேல்லை."

இப்போது பேசாமல் இருந்தால் போதும். வியாபாரம் தானாக முடிந்துவிடும். கஜானிக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"தங்கச்சி, அந்தப் பந்தல் போட்டது என்ரை அண்ணன்," என்றாள்.

பிரியந்தினி திகைத்துப் போய்த் தகப்பனைப் பார்த்தாள். சந்தியோகுவின் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது.

"நானும் வந்ததிலையிருந்து பாக்கிறன், இந்த நாடியை எங்கையோ கண்டிருக்கிறன் எண்டு. சுபாஸின்ரை தங்கச்சியோ?" கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அண்டைக்குக் காத்து வந்து ஒரு பக்கத்துத் தகரத்தைத் தூக்கிச்சுது பிள்ளை. எங்கடை பெடியள், நடுக்கடல்லை புயல் கண்டவங்கள், எல்லாரும் ஓட்டம். உங்கடை அண்ணன் மட்டும் பந்தலின்ரை நடுக்காலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவர். கிழவியள், குழந்தையள் எல்லாரையும் கோயில் விறாந்தைக்குக் கொண்டு போய்ச் சேக்கும் மட்டும் விடேல்லை. கை ரெண்டும் தோல் உரிஞ்சு போச்சு. அடுத்த நாள் தகரம் கழட்ட வந்தவர், என்ரை முகத்தைப் பாக்கேல்லை. தலையைக் குனிஞ்சுகொண்டு போயிட்டார்."

கஜானிக்கு அந்தக் கை நினைவுக்கு வந்தது. தகரம் வெட்டிய கை. துணி சுற்றிய கை. ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு வருடம் மறைத்த மனுசன்.

"உண்மையைச் சொல்லுறன்," என்றார் சந்தியோகு. "இந்தக் கலியாணமும் சுபாஸுக்குத்தான் எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தனான். இவளின்ரை ஆசைக்கு ஒருக்கா வந்து பாத்திட்டுப் போவம் எண்டு."

பிரியந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். கஜானி அவளைப் பார்த்தாள். பிறகு சந்தியோகுவுக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் முன் உட்காரக்கூடாது என்பது கொம்பனியின் ஒழுங்கு.

"ஐயா, அண்ணைக்குக் குடுக்கிறதெண்டால் தாராளமாக் குடுங்கோ. அவரைப் போல வேலைக்காரன் இல்லை. ஆனா நன்றிக்காகக் கலியாணத்தைக் குடுக்காதேங்கோ. நன்றி உங்கடை. கலியாணம் இவவின்ரை."

சந்தியோகு நிமிர்ந்தார்.

"உங்களுக்கு வேண்டியது ரெண்டு விசயம். ஒண்டு, மகள் ஆசைப்படுற மாதிரி மழைக்குப் பயமில்லாத ஒரு பின்னேரம். மேடை, வெளிச்சம், பாட்டு. அதை நான் தாறன், என்ரை பொறுப்பு. மற்றது, கலியாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு கிழமை சனம் வந்து சாப்பிட்டுப் போற உங்கடை வளவு. நண்டுக்கறி கொதிக்கிற இடம். இந்த மண்டபத்தை நான் தூக்கிக்கொண்டு குருநகருக்கு வரேலாது. அந்த வேலைக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், அவரை உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்."

சந்தியோகு நாடியைத் தடவினார். சிரித்தார். "மனிசியைக் கேக்காமல் நான் ஒண்டும் சொல்லேலாது" என்று கைபேசியை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டார்.

மறுபக்கம் செபஸ்தியம்மாவின் குரல் மண்டபத்தை நிறைத்தது. கணவன் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளையிட்டைக் குடுங்கோ" என்றாள்.

"சொல்லுங்கோ அம்மா."

"கக்கூஸ் எத்தினை இருக்கு?"

"பொம்பிளையளுக்கு மட்டும் பன்ரண்டு அம்மா. கைபிடி போட்டதும் இருக்கு."

"அப்பாடா. மூத்தவளின்ரை கலியாணத்திலை பொம்பிளையள் எத்தினை பேர் பக்கத்து வீடுகளுக்கு ஓடினவை எண்டு இந்த மனிசனுக்குத் தெரியுமோ? பந்தல் விழுந்த கதையைத்தான் சொல்லுவார். அதுசரி, பாட்டுக்காரர் வாசிக்கேக்கை பக்கத்திலை இருக்கிறவளோடை நான் கதைக்கலாமோ?"

"நீங்கள் இருக்கிற பக்கத்து ஸ்பீக்கரை நானே நிப்பாட்டி விடுறன் அம்மா."

"அப்ப அவரை நாள் குறிக்கச் சொல்லு. இஞ்சாருங்கோ, வீட்டுப் பந்தலுக்குச் சுபாஸிட்டைச் சொல்லுங்கோ. அந்தப் பெடியன் அண்டைக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை."

சந்தியோகு கையெழுத்து வைத்தபோது பிரியந்தினி கஜானியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர்கள் போன பிறகு கோபிசங்கர் தன் அறை வாசலுக்கு வந்தார்.

"என்ன, வீடியோ தேவைப்பட்டதோ?"

"இல்லை சேர். பந்தல் கதையை அவையே கதைச்சவை. நீங்கள் நினைச்ச மாதிரி இல்லை."

*

மத்தியானம் தர்சினியின் அழைப்பு வந்தது. குரல் பதறியது.

"மச்சாள், வேலைக்காரப் பெடியன் இப்பதான் சொன்னவன். சந்தியோகு ஐயா இவருக்குப் போன் எடுத்தவராம். மண்டபம் உங்களுக்கு, வீட்டுப் பந்தல் இவருக்கு எண்டு. இவர் ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டாராம். சாப்பிடவும் வரேல்லை. நான் எடுத்தாலும் எடுக்கிறாரில்லை."

கஜானி கோபிசங்கரிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மச்சாள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை ஸ்கூட்டியின் முன்பக்கத்தில் கொழுவிக்கொண்டு இணுவிலுக்குப் போனாள். வழியெல்லாம் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களின் சத்தம். என்ன சொல்வது என்று அவள் யோசிக்கவில்லை. எப்படியும் அவன் முதலில் கத்துவான், கத்தி முடியட்டும் என்று நினைத்தாள்.

புதுச் சுண்ணாம்பு மணக்கும் வீட்டின் முற்றத்தில் பாதிப் பந்தல் எழும்பியிருந்தது. ஏணியின் உச்சியில் சுபாஸ்கரன். வேலையாட்கள் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முறை செய்தி கொண்டு போக இடையில் தர்சினி இல்லை.

"அண்ணை, சாப்பாடு."

"பசிக்கேல்லை."

"மச்சாள் கத்தரிக்காய்ப் பால்கறி வைச்சவ."

அவன் ஆணியை இரண்டு அடி கூடுதலாகவே அடித்தான். பிறகு விடுவிடென்று இறங்கி வந்தான்.

"என்னடி நினைச்சுக்கொண்டிருக்கிறாய்? பெரிய கலியாணம் உனக்கு. மிஞ்சினது எனக்கோ? நீ சாப்பிட்டுப்போட்டு எறியிறதை எடுக்கிற அளவுக்கு நான் வரேல்லை!"

"மிஞ்சினதோ? மண்டபம் ஒரு பின்னேரம் அண்ணை. பந்தல் ஒரு கிழமை. அந்த வீட்டுச் சனம் முழுக்க உங்கடை தகரத்துக்குக் கீழைதான் இருந்து சாப்பிடப்போகுது. நான் கேட்டுத் தரேல்லை. அந்த வளவுக்கு நீங்கள்தான் வேணும் எண்டு அந்த அம்மாவே சொன்னவ."

"இரக்கத்திலை சொல்லியிருப்பா."

"இல்லை." கஜானி அவன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "நடுக்காலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதைச் சொன்னவர் ஐயா. கிழவியள் எல்லாரும் போகும் மட்டும் விடேல்லை எண்டு. ஏன் அண்ணை, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

சுபாஸ்கரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான். துடைத்தது வியர்வையைத்தான் என்று வேலையாட்கள் நினைத்திருக்கலாம்.

"என்னத்தைச் சொல்லுறது? பந்தல் சரிஞ்சதைப் பெருமையா வந்து வீட்டிலை சொல்லுறதோ? அண்டைக்கு நான் இன்னும் ரெண்டு கால் கூடப் போட்டிருக்கவேணும். காத்து வரும் எண்டு தெரிஞ்சும் போட்டது காணும் எண்டு நினைச்சிட்டன்." கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான். "அதுக்குப் பிறகு ஆர் உன்ரை மண்டபத்துக்குப் போனாலும் எனக்கு அந்தப் பந்தல்தான் ஞாபகம் வரும். என்னை நம்பாமல்தான் போகினம் எண்டு."

மூன்று கிழமைக் கோபத்தின் வேர் இதுதானா? கஜானிக்கு அவனைத் திட்டவேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. அவள் இரண்டையும் செய்யவில்லை. வாழையிலைப் பொட்டலத்தை அவிழ்த்து ஒரு கதிரையில் வைத்தாள்.

"அவை மண்டபத்துக்கு வந்தது கக்கூஸுக்காக அண்ணை."

"என்ன?"

செபஸ்தியம்மா கேட்டதை அப்படியே, அந்த அம்மாவின் குரலிலேயே சொன்னாள். சுபாஸ்கரன் அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. சிரித்துக்கொண்டே கையைக் கழுவப் போனான்.

சோற்றைப் பிசைந்து வாயில் வைத்த பிறகு, "நாளைக்குப் பின்னேரம் வளவைப் பாக்கப் போறன்" என்றான். தர்சினியிடம் சொல்லச் சொல்லவில்லை. நேரே அவளிடமே சொன்னான். "இந்த முறை கால் கூடப் போடவேணும். கடற்கரைக் காத்து."

கஜானியின் கைபேசி அடித்தது. கோபிசங்கர்.

"நல்ல செய்தி கஜானி! கொழும்புப் பெரியாக்கள் நாளைக்குக் காலமை வருகினம். தை மாசத்திலையிருந்து நாங்கள் வெளியிலையும் இறங்கிறம். பந்தல், கதிரை, வெளிச்சம், எல்லாம் கொம்பனியின்ரை. சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, குடாநாடு முழுக்க. விற்பனைப் பொறுப்பு உங்களுக்குத்தான் தரச் சொல்லி நான் சொல்லிப்போட்டன். பந்தல் தொழில் உங்கடை வீட்டுத் தொழில், உங்களைவிட ஆர் இருக்கினம்?"

கஜானி எழுந்து நின்றாள். எதிரே அண்ணன் தலை குனிந்து ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே பாதி போட்ட பந்தல்.

பெரிய பதவி. அவள் ஆசைப்படாத பதவி அல்ல. வேண்டாம் என்று சொன்னால் கொம்பனி நின்றுவிடுமா? வேறு யாரையாவது போடும். அந்த ஆளுக்கு நடுக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்றால் என்னவென்றே தெரியாது. வேலையாட்கள் நான்கு பேர், ஒரு பட்டா, இந்தத் தகரம். கொம்பனியின் முன்னால் அண்ணன் எத்தனை மாதம் தாக்குப் பிடிப்பான்?

அவளுக்குப் பயம் வரவில்லை. கணக்குத்தான் ஓடியது. கொம்பனியிடம் பணம் இருக்கிறது. பந்தல் போடத் தெரிந்த ஆள் இல்லை.

"கேக்குதோ கஜானி?"

"கேக்குது சேர். நாளைக்கு வாறன். ஆனா தனிய வரமாட்டன்."

அவர் ஏதோ கேட்கத் தொடங்குவதற்குள் அழைப்பைத் துண்டித்தாள்.

"ஆர்?" என்றான் சுபாஸ்கரன்.

"மனேஜர். கொம்பனி தை மாசத்திலையிருந்து பந்தல் போடப்போகுதாம் அண்ணை. குடாநாடு முழுக்க."

சோற்றை எடுத்த கை பாதியில் நின்றது.

"ஆர் நடத்தப்போறது?"

"விக்கிற பொறுப்பை எனக்குத் தருகினமாம்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். காலையில் பட்டாக் கதவை அடித்துச் சாத்திய அதே முகம் ஒரு கணம் வந்து போனது. கஜானி கண்ணை எடுக்கவில்லை.

"விக்க எனக்குத் தெரியும்," என்றாள். "போட ஆருக்குத் தெரியும் எண்டு நாளைக்குக் காலமை வாற கொழும்பு ஆக்களிட்டைக் கேக்கப்போறன். கேக்கேக்கை நீங்கள் எனக்குப் பக்கத்திலை இருக்கவேணும்."

"கொம்பனிக்குக் கூலிக்குப் போகச் சொல்லுறியோ?"

"கூலிக்கு எண்டால் நானே உங்களை விடமாட்டன். பங்காளியா எண்டால்தான்."

சுபாஸ்கரன் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டான். அவசரப்படவில்லை. கடைசிக் கவளம் வரை சாப்பிட்டு, இலையை மடித்து, கையைக் கழுவி, ஏணியில் கால் வைத்தான். இரண்டு படி ஏறினான். அங்கேயே நின்று, திரும்பாமல் கேட்டான்:

"எத்தினை மணிக்கு?"